மாட்டை விற்காதீர்கள் தம்பி

கேள்வி: பேரணாம்பட்டு பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. வயது 32. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 12 வருடமாக வேலை செய்கிறேன். கட்டிங் பிரிவில் சேர்ந்தேன், இப்போது பேட்டர்ன் வெட்டுகிறேன். கையில் 24,000 வருகிறது. நொய்டாவில் ஒரு கம்பெனியின் சாம்பிள் ரூமுக்குக் கூப்பிடுகிறார்கள். மாதம் 46,000 என்கிறார்கள். ஆடி கழிந்து ஆவணியில் வந்து சேரச் சொல்கிறார்கள். வீட்டில் மனைவி, நாலரை வயது மகள், 62 வயது அம்மா. அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் காட்டுகிறோம். ஊரை விட்டு வரவே மாட்டேன் என்கிறார். அக்கா குடியாத்தத்தில் இருக்கிறார். சொந்த வீடு, இரண்டு கறவை மாடு. மாட்டை விற்று, வீட்டைப் பூட்டி, எப்படியாவது அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடலாமா? 12,000 வாடகைக்கு வீடு கிடைக்கும் என்று அங்கே இருக்கும் நண்பன் சொன்னான். எனக்கு ஹிந்தி தெரியாது. மனைவி நான் சொன்னால் வருவாள். என்னென்ன ஏற்பாடு செய்துகொண்டு கிளம்ப வேண்டும்?

பதில்:

தம்பிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் அப்புறம். போங்கள். ஆனால் ஆவணியில் நீங்கள் மட்டும் போங்கள். மனைவியும் மகளும் அடுத்த ஏப்ரலில் வரட்டும். அதுவும் அதற்குள் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி, அவரும் சரி என்ற பிறகு. வீட்டைப் பூட்டாதீர்கள். மாட்டை விற்காதீர்கள்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் 20 வருடத்துக்கு மேல் பணியாளர் நிர்வாகத்தில் இருந்தேன். இந்த மாவட்டத்திலிருந்து வெளியூர் போனவர்களுக்கு ரிலீவிங் லெட்டர் கொடுத்த கை இது. ஒரு வருடத்தில் திரும்பி வந்து அதே வேலை கேட்டு நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் வேலை பிடிக்காமல் வந்தவர்கள் குறைவு. ஊரில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, குழந்தைக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டில் பேசாமலே கிளம்பிவிட்டோம் என்று சொல்லித்தான் பெரும்பாலும் வந்தார்கள். அதனால்தான் யார் ஊருக்குக் கிளம்பினாலும், பெட்டியில் என்ன வைக்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. வீட்டில் என்ன ஏற்பாடு என்றுதான் கேட்கிறேன்.

சரி, பணத்திலிருந்து தொடங்குவோம். 46,000 என்று வாயால் சொன்னார்களா, காகிதத்தில் கொடுத்தார்களா? அது கையில் வரும் தொகையா, கம்பெனி உங்களுக்காகக் கட்டும் பி.எஃப்., வேலையை விடும்போது தரும் கிராஜுட்டி எல்லாம் சேர்த்து மொத்தச் செலவாகக் காட்டும் சி.டி.சி.யா? இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சி.டி.சி. என்றால் கையில் 41,000 வரும் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். குடும்பத்தோடு போனால் 12,000 வாடகைக்குப் போய்விடும். அம்மாவுக்கு மாதம் 5,000 அனுப்புவீர்கள். மீதி 24,000. இன்று ஆம்பூரில் நீங்கள் வாங்கும் அதே 24,000. இங்கே அந்தப் பணத்தில் வாடகை இல்லை, பால் வாங்குவது இல்லை, கீரையும் முருங்கையும் வீட்டோரம் இருக்கிறது. அங்கே எல்லாவற்றுக்கும் காசு. பள்ளிக் கட்டணம், கரண்ட் பில், மூன்று பேர் ஊருக்கு வந்துபோகும் செலவு எல்லாமே அந்த 24,000-க்குள் அடங்க வேண்டும்.

நீங்கள் மட்டும் போய் நண்பரோடு அறையைப் பகிர்ந்துகொண்டால் கணக்கு வேறு. வாடகையில் பாதி 6,000, சாப்பாட்டுக்கு 5,000, போக்குவரத்து, போன் என்று 3,000. மீதி 27,000. வீட்டுக்கு 20,000 அனுப்பினாலும் 7,000 நிற்கும். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை ஏழு மாதத்தில் 49,000. குடும்பத்தை அழைத்துக்கொள்ள அதுதான் உங்கள் கைமுதல்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, பிறகு எதற்குப் போக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். பணத்துக்காக மட்டும் என்றால் நான் போகச் சொல்லமாட்டேன். உங்களைப் போகச் சொல்வது அந்த சாம்பிள் ரூமுக்காக. 12 வருடமாக அடுத்தவர் வரைந்து கொடுத்ததை வெட்டியிருக்கிறீர்கள். சாம்பிள் ரூமில், வாங்குபவர் கேட்கும் மாதிரியை லாஸ்ட் என்னும் கால் வடிவ அச்சில் ஒட்டி, வரைந்து, வெட்டி, தைத்து, தப்பு பார்த்து, திரும்பச் செய்ய வேண்டும். ஒரு ஷூ முழுசாக எப்படி உருவாகிறது என்பது அங்கேதான் கைக்கு வரும். காலணி வடிவமைப்புப் பயிற்சிக்கான எஃப்.டி.டி.ஐ. நிறுவனமும் நொய்டாவில்தான் இருக்கிறது. வேலைக்கு இடையில் குறுகிய காலப் படிப்பு ஏதாவது சேர முடியுமா என்று நேரில் போய்க் கேளுங்கள். மூன்று வருடம் அங்கே இருந்து கற்றுக்கொண்டு வந்தால், ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் உங்களுக்குக் கிடைக்கும் நாற்காலி வேறாக இருக்கும். திரும்பி வரும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், போகும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

ராஜினாமா கடிதம் எழுதும் முன் சில காரியங்கள் உண்டு. வேலைக்கான உத்தரவு கையில் வராமல் இங்கே ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். வந்த பிறகு, நோட்டீஸ் காலத்தை முழுசாக வேலை செய்து முடியுங்கள். நடுவில் நின்றுவிட்டால் ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றும் இழுபறியாகும், அந்தப் பக்கத்திலும் உங்களைச் சேர்க்கத் தயங்குவார்கள்.

அப்புறம் கிராஜுட்டி. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அது உரிமை. யாரும் தானாக எடுத்துக் கொடுப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம், விண்ணப்பம் எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளுக்குள் அவர்கள் கொடுத்தாக வேண்டும். கணக்கு எளிது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை செய்த வருடங்களால் பெருக்க வேண்டும். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 என்றால், 12 வருடத்துக்கு 1,03,800-க்குச் சற்று மேல் வரும். நீங்கள் சேர்ந்த தேதி சம்பளச் சீட்டில் சரியாக இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். நடுவில் சில வருடம் காண்ட்ராக்டர் பெயரில் இருந்திருந்தால் அதையும் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பி.எஃப். பணத்தை மட்டும் எடுக்காதீர்கள். கூட வேலை செய்கிறவர்கள், எடுத்துவிடு, செலவுக்கு ஆகும் என்பார்கள். உங்கள் பி.எஃப். கணக்கின் அதே யு.ஏ.என். எண்ணைப் புதுக் கம்பெனியில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். பத்து வருடத்துக்கு மேல் உங்களுக்குச் சேவை இருக்கிறது, 58 வயதில் ஓய்வூதியம் கிடைக்கும் தகுதி ஏற்கெனவே வந்துவிட்டது. ஆதாரில் இருக்கும் போன் நம்பரை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். ஊர் மாறியதும் புது சிம் வாங்கிப் பழையதைத் தொலைத்துவிட்டு, ஓ.டி.பி. வராமல் பி.எஃப். அலுவலகத்துக்கு அலைந்தவர்கள் என்னிடம் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. 21,000 சம்பளம் வரைக்கும்தான். அங்கே கம்பெனி மருத்துவக் காப்பீடு கொடுக்கிறதா, அதில் மனைவி, மகள் மட்டுமா, அம்மாவையும் சேர்க்கலாமா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

கிராஜுட்டி வந்ததும் அதை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி நொய்டா வீட்டு அட்வான்ஸுக்கும் அந்த முதல் மாதச் செலவுக்கும். இன்னொரு பாதியை உங்கள் பெயரும் அம்மா பெயரும் சேர்ந்த கணக்கில் போட்டு, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று பேங்கில் எழுதிக் கொடுங்கள். நடு ராத்திரி ஆஸ்பத்திரி என்றால் யாரிடமும் கை நீட்டாமல் அம்மா போக வேண்டும். அந்தப் பணத்தில் டி.வி.யோ வண்டியோ வாங்காதீர்கள்.

ஏன் ஏப்ரல் என்று சொல்கிறேன்? நம்மூரில் பள்ளி ஜூனில் திறக்கிறது. அங்கே ஏப்ரலில் திறந்துவிடும். சேர்க்கை அதற்கு முன்பே நடக்கும், அதனால் டிசம்பர் ஜனவரியிலேயே பள்ளிக்கூடங்களில் போய் விசாரித்து வையுங்கள். டெல்லியில் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளில் தமிழையும் ஒரு பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் நொய்டா உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது. நாலரை வயதுக் குழந்தை தினமும் எவ்வளவு நேரம் வண்டியில் போய்வர முடியும் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தமிழை வீட்டில் நீங்களே சொல்லிக்கொடுக்கலாம்.

இன்னொன்று பருவம். வேலூர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அங்கே மே மாதம் பெரிதில்லை. நவம்பரில் காற்று கெட்டுப்போய் கண் எரியும், குழந்தைகளுக்கு இருமல் விடாது. டிசம்பர் ஜனவரியில் இரவுக் குளிர் ஐந்து டிகிரிக்கும் கீழே இறங்கும். அந்த முதல் குளிர்காலத்தை நீங்கள் மட்டும் பார்த்துவிடுங்கள். கம்பளி உடுப்பு எதையும் இங்கே வாங்க வேண்டாம், அங்கேதான் நல்லதும் கிடைக்கும், விலையும் குறைவு. ஒன்றே ஒன்று, இதை மறக்கவே கூடாது. குளிர் தாங்காமல் மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டி வைத்துத் தூங்காதீர்கள். அங்கீத்தி என்பார்கள். அதிலிருந்து வரும் வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் வட இந்தியாவில் இப்படிச் சாவு நடக்கிறது. அறை நண்பர் மூட்டினாலும் நீங்கள் எழுந்து வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

போய் இறங்கும் முதல் வாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். அம்மாவை சி.எம்.சி.க்கு அழைத்து வரும்போது காந்தி ரோடு, பாபுராவ் தெரு பக்கம் நடந்திருப்பீர்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு நாள் நின்று கவனியுங்கள். அவர்களுக்கும் நம் மொழி தெரியாது. காட்பாடியில் இறங்கி, முதலில் ஒரு நாள் வாடகை அறை எடுக்கிறார்கள். மாதக் கணக்கில் பேசுவதில்லை. அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்து அவர்களே சமைத்துக்கொள்கிறார்கள். எல்லாக் காகிதமும் ஒரே பையில், அந்தப் பை எப்போதும் ஒருவர் தோளில். முன்பே வந்த ஊர்க்காரர் யாரையாவது கண்டுபிடித்து, எந்தக் கடை, எந்த வரிசை என்று கேட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கிறார்கள். நோயாளியை வைத்துக்கொண்டு தெரியாத ஊரில் எப்படிப் பிழைப்பது என்று நம் கண்ணெதிரே தினமும் காட்டுகிறார்கள். நீங்கள் அங்கே செய்ய வேண்டியதும் அதேதான்.

நான் இதை 1996-இல் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் கணவருக்கு டெல்லிக்கு மாற்றல் வந்தபோது, காட்பாடியில் எட்டு மூட்டையோடு ரயில் ஏறினோம். அம்மிக்கல்லைக் கூட விடவில்லை. போன மூன்றாம் நாள், ஒரு தரகர் பேச்சைக் கேட்டு, பகலில் ஒரு வீட்டைப் பார்த்து, ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தோம். அந்த வீட்டில் காலையில் அரை மணி நேரம்தான் தண்ணீர் வரும் என்பது குடியேறிய மறுநாள் தெரிந்தது. பணம் திரும்பவில்லை. ஆறு மாதமும் குடத்தோடு படியேறினேன். அதனால் சொல்கிறேன். உடனே வீடு எடுக்காமல் நண்பர் அறையிலேயே இருங்கள். குடும்பத்துக்கு வீடு பார்க்கும்போது காலையில் ஒரு தடவை, ராத்திரியில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள், வீட்டுக்காரர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். 11 மாத ஒப்பந்தம் எழுதி, அட்வான்ஸ் தொகையை அதில் குறிப்பிடச் சொல்லுங்கள். வாடகைக்கு வருபவர் பற்றிப் போலீசில் பதிவு செய்வார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம், ஆதார் நகலும் போட்டோவும் போதும். சமையலுக்குப் பெரிய சிலிண்டர் இணைப்பு கிடைக்கும் வரை, அடையாள அட்டையைக் காட்டினாலே ஐந்து கிலோ சிலிண்டர் விற்கிறார்கள்.

போகும் வழியும் எளிதுதான். கேரளா எக்ஸ்பிரஸ் காட்பாடி வழியாகத்தான் புதுடெல்லி போகிறது, கிட்டத்தட்ட ஒன்றரை நாள் பயணம். புதுடெல்லி ஸ்டேஷனில் மெட்ரோவில் மஞ்சள் வழித்தடத்தில் ஏறி, ஒரே நிறுத்தம் தாண்டி ராஜீவ் சௌக்கில் இறங்கி, நீல வழித்தடத்துக்கு மாறினால் நேராக நொய்டா. பெட்டி ஒன்று, தோள்பை ஒன்று. அசல் சான்றிதழ் எல்லாவற்றையும் சுமக்க வேண்டாம். சேரும் அன்று கேட்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஏற்றிவிட்டு அக்கா வீட்டில் வையுங்கள். சாப்பாட்டில் குழம்புத் தூள், புளி, கொஞ்சம் ஊறுகாய் போதும்.

ஹிந்தி தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். 12 வருடம் ஆம்பூரில் வேலை செய்தவர் அப்படிச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பக்கத்து மேஜையில் உருது பேசுகிறவர்கள்தானே இருந்திருப்பார்கள்? தண்ணீர், சம்பளம், வா, போ, நாளைக்கு, எவ்வளவு எல்லாம் உங்கள் காதில் ஏற்கெனவே இருக்கிறது. டெல்லிப் பக்கத்து ஹிந்தியும் நம்மூர் உருதுவும் வாயில் வரும் விதம் கொஞ்சம் மாறும். இங்கே வேண்டாம் என்பதற்கு நக்கோ என்றால் எல்லோருக்கும் புரியும், அங்கே நஹீ என்றுதான் சொல்ல வேண்டும். மீதமிருக்கும் இந்த வாரங்களில், தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த நண்பர்களிடம் தமிழில் பேசாமல் உருதுவிலேயே பேசிப் பாருங்கள். தப்பாகப் பேசினால் திருத்துவார்கள். எண்களை மட்டும் தனியாக உட்கார்ந்து நூறு வரை மனப்பாடம் செய்யுங்கள். ஹிந்தியில் ஒவ்வொரு எண்ணுக்கும் தனிப் பெயர், நம்மைப் போல் இருபத்து மூன்று, முப்பத்து மூன்று என்று கூட்டிச் சொல்லும் ஒழுங்கு காதுக்குப் பிடிபடாது. காய்கறிக்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் வெளியூர்க்காரர் தடுமாறுவது அங்கேதான்.

இனி உங்கள் மனைவி. உங்கள் கடிதம் இரண்டு பக்கம். அதில் அவரைப் பற்றி இருப்பது ஒரே வரி, நான் சொன்னால் வருவாள் என்று. அவர் என்ன நினைக்கிறார் என்று நீங்கள் கேட்டீர்களா தம்பி? நீங்கள் காலையில் கிளம்பி வேலைக்குப் போய்விடுவீர்கள். அங்கே உங்களுக்கு மேஜை, மெஷின், கூடப் பேச நாலு பேர் இருப்பார்கள். தெரியாத மொழி பேசும் தெருவில், மூடிய கதவுக்குள், ஒரு குழந்தையோடு பகல் முழுக்க இருக்கப்போவது அவர். நான் இருந்திருக்கிறேன். முதல் நாலு மாதம் நான் பேசிய தமிழ் எல்லாம் என் கணவரிடமும் சுவரிடமும்தான். ஞாயிற்றுக்கிழமை ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய், படியில் உட்கார்ந்து, யாரோ இரண்டு பெண்கள் தமிழில் புளி விலையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு அழுதிருக்கிறேன்.

அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. வர விருப்பமா? வந்தால் வேலைக்குப் போக நினைக்கிறாரா? கல்யாணத்துக்கு முன் அவர் ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகமான அப்பர் தைத்தவரா? நம் பக்கத்துப் பெண்களில் எத்தனையோ பேருக்கு அந்தக் கைவேலை இருக்கிறது, அதனால் கேட்கிறேன். நொய்டாவில் ஷூவைப் போலவே ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும் நிறைய. தையல் மெஷினில் உட்கார்ந்து பழகிய கைக்கு அங்கே வேலை கிடைக்க வாய்ப்பு உண்டு. அவர் ஒரு சம்பளம் வாங்கினால், நான் மேலே போட்ட 24,000 கணக்கு முழுசாக மாறிவிடும். குழந்தையைப் பகலில் விட நல்ல இடம் கிடைக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட்டு இதைப் பேசுங்கள். அவர் வேண்டாம் என்றாலும் அதுவும் ஒரு பதில்தான். அப்போது நீங்கள் போகும் காலத்தை ஒரு வருடம், இரண்டு வருடம் என்று சுருக்கி யோசிக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக அம்மா. நீங்கள் முதலில் கேட்டதும் அவரைப் பற்றித்தான், நான் கடைசிக்கு வைத்ததும் அதனால்தான்.

என் தகப்பனார் காலமான பிறகு, வாலாஜா பக்கம் எங்கள் கிராமத்து வீட்டில் என் அம்மா மட்டும் இருந்தார். ஒரு மாடும் கன்றும் உண்டு. வயதாகிவிட்டது, சாணி அள்ளி இடுப்பு வலி, எதற்கு இந்தப் பாடு என்று நான்தான் பேசி விற்க வைத்தேன். வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போன மறுநாள் காலையில் அம்மா ஐந்து மணிக்கு எழுந்து, தொழுவம் வரை போய்விட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டாராம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அதற்கு முன் சங்கத்தில் பால் ஊற்றப் போகும்போது வழியில் பத்துப் பேரிடம் பேசுவார். அந்தப் பத்துப் பேரும் போனார்கள். பால் பணத்தில் பேத்திக்கு வளையல் வாங்குவார். அதுவும் போயிற்று. நான் அனுப்பிய பணம் அவருக்குப் போதுமானதாகத்தான் இருந்தது. ஆனால் அது நான் கொடுத்த பணம். அந்த ஒரு வருடத்தில் அவர் இளைத்துப் போனதை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

ஆகவே இரண்டு மாட்டையும் வைத்துக்கொள்ள அம்மாவின் உடம்பு இடம் கொடுக்காவிட்டால் ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். எது என்று அவரே சொல்லட்டும். புல் அறுக்கவும் சாணி வாரவும் தெருவில் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று பேசி வையுங்கள், நீங்கள் அனுப்பும் பணத்தில் அதற்குப் பங்கு இருக்கட்டும். ஏப்ரல் வரை மனைவியும் மகளும் கூடவே இருப்பதால், இந்த ஏற்பாடு ஓடுகிறதா என்று பார்த்துச் சரிசெய்ய ஏழு மாதம் கிடைக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் கிளம்பிவிட்டால் அந்த அவகாசம் கிடைக்காது.

மருந்துக்கும் இப்போதே வழி செய்யுங்கள். சி.எம்.சி.யில் அம்மாவின் ஆஸ்பத்திரி எண்ணை உங்கள் போனிலும் அக்கா போனிலும் எழுதி வையுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்க ஆன்லைனில் நீங்கள் அங்கிருந்தே பதிவு செய்யலாம், கூட்டிப் போக அக்கா வந்தால் போதும். மாதாந்திர மாத்திரைக்கு ஒவ்வொரு தடவையும் வேலூர் வர வேண்டியதில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா பெயரைச் சேர்த்துவிட்டுக் கிளம்புங்கள். சி.எம்.சி. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் அவர்கள் தருவதும் ஒன்றுதானா என்று ஒரு தடவை டாக்டரிடமே காட்டிக் கேட்டுவிடுங்கள். 108 எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அக்காவிடமும் பொத்தாம்பொதுவாக, பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வராதீர்கள். அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. ஆஸ்பத்திரி நாள் அக்கா பொறுப்பு, பணம் உங்கள் பொறுப்பு என்று தெளிவாகப் பிரித்துப் பேசுங்கள். மாமாவையும் உட்கார வைத்துக்கொண்டு பேசினால் பின்னால் மனஸ்தாபம் வராது.

ஊரை விட்டு வரமாட்டேன் என்று சொல்லும் அம்மாவிடம் வாதாடாதீர்கள். குடும்பம் அங்கே குடியேறிய பிறகு, குளிர் தணிந்து வெயில் ஏறாத பிப்ரவரி கடைசியில், ஒரு மாதம் பேத்தியோடு வந்து இருந்து பாருங்கள் என்று கூப்பிடுங்கள். வந்து பார்த்துவிட்டு அவர் திரும்பினாலும் நல்லது. நீங்கள் எங்கே தூங்குகிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கண்ணால் பார்த்த அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வரும்.

வீட்டைப் பூட்ட வேண்டாம் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேலை தேடி ஊரை விட்டுப் போவது நம் வடஆற்காட்டுக்குப் புதிதில்லை. 1880-களில் கோலார் தங்கவயலில் சுரங்கம் தோண்டத் தொடங்கியதிலிருந்து, இந்த மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக அங்கே போனார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு அங்கேயே தங்கிவிட்டவர்கள் விடியும் முன் ரயிலேறி, பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பின் வீடு திரும்புகிறார்கள். வேலை கேட்டு எங்கள் அலுவலகத்துக்கு அங்கிருந்து வந்த ஒருவர், தாத்தா ஊர் குடியாத்தம் பக்கம் என்றார். அங்கே போகலாமே என்று கேட்டேன். அங்கே யார் வீட்டு வாசலில் அம்மா நான் போய் நிற்பேன் என்றார். எந்தக் கம்பெனியும் எப்போதும் ஓடும் என்று யாரும் எழுதித் தர முடியாது. விளக்கு எரிகிற ஒரு வீடு உங்களுக்கு இங்கே இருக்கட்டும்.

காகித விஷயத்தில் இரண்டுதான் சொல்ல இருக்கிறது. ரேஷன் கார்டிலிருந்து யார் பெயரையும் எடுக்க வேண்டாம். கடையில் அம்மாவின் கைரேகை சரியாகப் பதிகிறதா என்று ஒரு தடவை கூடப் போய்ப் பாருங்கள், வேலை செய்து தேய்ந்த விரல்களில் சில சமயம் பதியாது. ஆதார் முகவரியையும் இப்போதே மாற்ற வேண்டாம். குடும்பம் வந்து சேர்ந்து, ஒரு வருடம் கழிந்து, இருப்போம் என்று முடிவான பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஊருக்கு எப்போது வருவீர்கள் என்பதைக் கிளம்பும் முன்பே தீர்மானியுங்கள். ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. பொங்கலுக்கு வர நவம்பர் இரண்டாம் வாரத்திலும், வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வர மார்ச் நடுவிலும் டிக்கெட் எடுத்துவிட வேண்டும். சேரும்போதே அந்த இரண்டு லீவையும் கம்பெனியில் சொல்லி வையுங்கள். பிறகு வீட்டுக் காலண்டரில், பொங்கலுக்கு நீங்கள் காட்பாடியில் வந்து இறங்கும் தேதியை அம்மா பார்க்கும்படி வட்டம் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சம்பள உத்தரவு கைக்கு வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு வரியாகப் பார்த்து, கையில் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். கூடவே உங்கள் மனைவி என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள். முடிந்தால் அவரையே எழுதச் சொல்லுங்கள்.